வெட்டிய துணி சட்டை ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் வாசகர் பகுதியில், ஓய்வு பெற்றவர்கள் பொழுதை எப்படிக் கழிக்கலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தோட்டம் போடுவதைப் பாராட்டியிருந்தார், கோயில் தொண்டைப் பாராட்டியிருந்தார். எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி, போகிற போக்கில் வந்து விழுந்திருந்தது. சிலர் ஆயிரம் வெள்ளி கொடுத்துப் பெட்டியில் வரும் மாதிரிக் கப்பலை வாங்கி ஒட்டிவிட்டு அதைக் கைவேலை என்கிறார்களாம். மரத்தை மிஷினே வெட்டிக் கொடுத்துவிட்ட பிறகு இவர்களுக்கு அதில் என்ன வேலையாம்.

காலைக் கோப்பியோடு இதை வாய்விட்டு வாசித்தேன். என் மனைவி ஹாலில் இருக்கும் கப்பலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “உங்களத்தான் சொல்றாரு” என்றாள்.

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் 41 வருஷம் தையல் கடையில் குப்பை கொட்டியவன். ‘வெட்டிக் கொடுத்த பிறகு என்ன வேலை’ என்று யாராவது கேட்டால் சும்மா இருக்க முடியவில்லை. கடையில் துணி வெட்டுவது நான்; தைக்க மூன்று பேர் இருந்தார்கள். ஒரே அளவுக்கு, ஒரே கத்தரியில் வெட்டிய துணியை மூன்று பேரிடமும் கொடுத்தால் ஒரே சட்டையா வரும்? ஒன்றில் காலர் சிரிக்கும். ஒன்றில் தோள் தூக்கும். ஒன்றுதான் ஆள் மேல் ஒழுங்காக உட்காரும். கத்தரி செய்த வேலை மூன்றிலும் ஒன்றுதான்.

கடை ஜார்ஜ்டவுனில், நாம் கடைத்தெரு என்று சொல்கிற லெபோ பாசாருக்குப் பக்கத்தில் இருந்தது. வாடகை ஏறியது, ரெடிமேட் வந்தது, ஒரு நாள் மூடினேன். அந்தக் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், விடுவோம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஜெலுத்தோங்கில் ஒன்பதாம் மாடி வீட்டில் சமையலறைக்கும் பால்கனிக்குமாக நான் நடந்துகொண்டே இருந்தேன். போனில் அம்மாவின் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, கோலாலம்பூரில் இருக்கும் மகள் ஒரு பெட்டியை அனுப்பிவைத்தாள். விலை முந்நூறு வெள்ளி என்றாள். ஆயிரத்து நூறுக்கு மேல் போட்ட பில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, பாவம், எடுக்க மறந்துவிட்டாள்.

பெட்டியின் மேல் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றின் படம். ‘கட்டி சார்க்’ என்று பெயர். அசலில் 84-இல் ஒரு பங்கு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு மரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. திறந்து பார்த்தால் உள்ளே கப்பலைக் காணோம். ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டுகள், சாத்தே கடையில் ஒரு வாரத்துக்குப் போதும் போல. நாலைந்து ஒட்டுப்பலகைத் தட்டுகள், இரண்டு நூல் உருண்டை, பித்தளைச் சாமான் போட்ட சின்னச் சின்னப் பைகள், பாய்க்கு என்று மடித்து வைத்த துணி, சுவரை மறைக்கிற அளவுக்கு ஒரு படம்.

வாசகர் சொல்கிற மிஷின் வெட்டியது அந்த ஒட்டுப்பலகையைத்தான். கப்பலின் முதுகெலும்பு போல நீளமாக ஓர் அடிமரம், அதில் குறுக்கே செருக விலாச்சட்டங்கள், மேல்தட்டு. அவ்வளவுதான். இரண்டு நாளில் செருகி ஒட்டிவிட்டேன். மீன் தின்று முடித்த தட்டில் கிடக்கும் முள் மாதிரி ஒன்று மேசையில் நின்றது. அதற்கு மேல் போர்த்த வேண்டிய பலகை எல்லாம் 5 மி.மீ. அகலத்தில், அடிக்கோல் மாதிரி நேரான குச்சிகளாகத்தான் வருகின்றன. கப்பல் உடம்பிலோ நேரான இடம் ஒன்றுகூடக் கிடையாது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. டேப்பை எடுத்தேன். நடுவயிற்றில், மேல்தட்டு விளிம்பிலிருந்து அடிமரம் வரை வளைவோடு அளந்தால் 12 செ.மீ. அப்படியானால் 24 குச்சி. மூக்கில் அளந்தால் 7.2 செ.மீ.தான் இருக்கிறது. அங்கேயும் அதே 24 குச்சிதானே போய்ச் சேர வேண்டும்? ஒவ்வொரு குச்சியும் மூக்குப் பக்கம் 3 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும். ஆறு துண்டுப் பாவாடை தைத்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இடுப்பில் ஒடுங்கி, கீழே விரிகிற துண்டுகள்; ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால்தான் சுருக்கம் விழாது. ஒரே துண்டில் மொத்தத்தையும் கழித்தால் அது பாவாடையே இல்லை. பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்கினால் குச்சி முனை பிளந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு குச்சியை நிறுத்திவிட்டு ஒரே குச்சியாகத் தொடர வேண்டும். பின்புறத்தில் நேர் எதிர். அங்கே இடம் விரிகிறது, இடையில் கூர்மையான ஒரு துண்டை நுழைக்க வேண்டும். சட்டை அக்குளில் கை தூக்க வசதியாக ஒரு முக்கோணத் துண்டு வைப்போமே, அதே வேலை. படத்தோடு வந்த புத்தகத்தில் இதற்கெல்லாம் ஒரு வரிதான் இருந்தது: குச்சிகளைத் தேவைக்கேற்ப ஒடுக்கிக்கொள்ளவும். நாங்களும் கடையில் அப்படித்தான் பையன்களுக்குச் சொல்வோம், ‘பார்த்துத் தைடா’ என்று.

குச்சியை வளைக்க அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, சூட்டில் வளைக்க வேண்டும். இதற்கென்று தனியாகக் கருவி விற்கிறார்கள். என்னிடம் சட்டைக் கை தேய்க்கும் வளைந்த பலகையும் பழைய ஸ்டீம் இஸ்திரிப் பெட்டியும் இருந்தன. ஊறிய குச்சியைப் பலகை விளிம்பில் வைத்து, இஸ்திரிப் பெட்டியை மெல்ல இழுத்தால், ‘உஸ்’ என்று ஆவி போய் அப்படியே வளைந்து நிற்கிறது. ஈர மர வாசனை வீடு முழுவதும். கடையை மூடிய பிறகு அந்தப் பலகையை நான் எடுத்தது அதுதான் முதல் தடவை.

இனி என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வாசகர் நம்ப மாட்டார். குச்சியை வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். எனக்கு அது தெரியும். கால்சட்டைக்கு ஒரு காலை மட்டும் முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடுகிறவனை நானே திட்டியிருக்கிறேன். ஆனால் வேலை நன்றாக வருகிறது என்ற உற்சாகத்தில் ஒரே பக்கம் ஒன்பது குச்சி ஒட்டிவிட்டேன். பசை காயக் காயக் குச்சிகள் இழுத்தன. மறுநாள் காலையில் அடிமரத்தை ஒரு கண்ணால் பார்த்தால் வாழைப்பழம். நடுவில் 3 மி.மீ. வளைவு. வெள்ளைப் பசை என்பதால் தப்பித்தேன். சாராயம் என்று நாம் சொல்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு மூட்டு மூட்டாக இளக்கி, ஒன்பதையும் கழற்ற நாலு நாள் ஆனது. சூப்பர் குளூவில் ஒட்டியிருந்தால் கப்பலோடு பால்கனி வழியாக நானும் போயிருப்பேன். முதல் தடவை கட்டுகிறவர்கள் ஒற்றைப் பாய்மரப் படகில் ஆரம்பிப்பது நல்லது. என் மகளுக்கு அது தெரியவில்லை, எனக்கும்தான்.

இதெல்லாம் முதல் பலகைதான். தையல் கணக்கில் லைனிங். இதைத் தேய்த்து, இடுக்குகளைப் பூசி, மறுபடி தேய்த்து, விரலைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் எங்கேயும் தட்டக் கூடாது. அதற்கு மேலேதான் அரை மில்லிமீட்டர் கனத்தில் இரண்டாவது மரம், அதுதான் வெளியே தெரியும் துணி. லைனிங் சரியில்லாத கோட்டின் மேல் எவ்வளவு நல்ல துணி போட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். இங்கேயும் அப்படியே.

நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் தகடு. அசல் கப்பலில் ஒட்டியது சுத்தமான செம்பு கிடையாது, செம்பு 60 பங்கு, துத்தநாகம் 40 பங்கு கலந்த தகடு. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைக்கும் புழுவுக்கும், ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் பாசிக்கும் அதுதான் மருந்து. நம் மாதிரியில் ஒரு தகடு 15 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம். எண்ணி ஒட்டினேன், 1,700-ஐத் தாண்டியது. பின்புறத்திலிருந்து ஆரம்பித்து முன்னால் வர வேண்டும், முன் தகட்டின் ஓரம் பின் தகட்டின் மேல் ஏறும்படி. ஓடுகிற தண்ணீர் ஓரத்தைத் தூக்கக் கூடாது இல்லையா, கூரைக்குக் கீற்று வேய்கிற அதே நியாயம். பினாங்கு வெயிலில் விரல் வியர்வை பட்ட இடமெல்லாம் மூன்று நாளில் கறுத்து, என் கைரேகை போலீஸ் பதிவு போல வரிசையாகத் தெரிந்தது. கையுறை போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. அந்தக் கறுப்பைச் சிலர் அழகு என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கைரேகை போட்ட சட்டையை எந்த வாடிக்கையாளரிடமும் நான் கொடுத்ததில்லை.

பெட்டியில் கொடுத்த குச்சி போதவில்லை. வாங்கிய கடைக்கு எழுதினால், வரும் வரும் என்று எட்டு மாதம் ஓட்டினார்கள். எந்தக் கடை என்பது வேண்டாம். மேல்மரங்களில் இரண்டு சாத்தே குச்சியைத் தேய்த்து எடுத்தது. எவை இரண்டு என்று கண்டுபிடிப்பவருக்கு ஒரு சட்டை இலவசம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1872-இல் ஷாங்காயிலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு, ‘தெர்மோபிலே’ என்ற கப்பலோடு போட்டி போட்டு லண்டனுக்கு ஓடியபோது, சுந்தா நீரிணையைத் தாண்டி இந்துமாக் கடலில் முந்திப் போய்க்கொண்டிருந்த இதே கட்டி சார்க்கின் சுக்கான் புயலில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கப்பல் தச்சர் உபரியாகக் கிடந்த மரங்களை இணைத்து, ஆடும் தளத்திலேயே புதிய சுக்கான் செய்து மாட்டினார். போட்டியில் ஒரு வாரம் பிந்தினாலும் கப்பல் ஊர் போய்ச் சேர்ந்தது. இருக்கிற மரத்தில் செய்வதுதானே வேலை.

அந்தக் கப்பலுக்கு நேரம் சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் டம்பார்டன் என்ற ஊரில் அது தண்ணீரில் இறங்கியது 1869 நவம்பர் 22. சூயஸ் கால்வாய் திறந்தது அதே நவம்பர் 17. ஐந்தே நாள் வித்தியாசம். காற்றை நம்பிய கப்பலுக்குக் கால்வாய் உதவாது, புகைக்கப்பல்களுக்கு உதவியது. சீனத் தேயிலை மெல்ல மெல்ல அவற்றின் கைக்குப் போக, இது பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆட்டு ரோமம் ஏற்றிப் பெயர் வாங்கியது. அந்தப் புகைக்கப்பல் வரிசையில் பின்னால் வந்த ரஜூலாவில்தான் என் அப்பா நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கினார். ரஜூலாவைக் கட்ட ஒரு பெட்டி கிடைத்தால் நானே காசு கொடுத்து வாங்குவேன். இதுவரை என் கண்ணில் படவில்லை.

கப்பல் பெயருக்கு அர்த்தம் தெரிந்த அன்று வீட்டில் நல்ல சிரிப்பு. ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘கட்டி சார்க்’ என்றால் குட்டையான உள்சட்டை. அந்த நாட்டுக் கவிதை ஒன்றில் வரும் சூனியக்காரி அதைப் போட்டுக்கொண்டு ஆடுவாள். பார்த்துவிட்டு ஓடுகிறவனைத் துரத்தி வந்து, கடைசியில் அவன் குதிரையின் வால்தான் அவள் கைக்குக் கிடைக்கும். கப்பல் மூக்குக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்பது அவள்தான். பேத்தி கேட்டாள், “தாத்தா, உங்களுக்குன்னு பாத்து சட்டை பேர் வச்ச கப்பலா அனுப்பினாங்க?” என் மகள் சத்தியமாகத் தெரியாது என்கிறாள். என்னிடம் வந்த பொம்மை பித்தளையில், அரை விரல் உயரம். சட்டையின் வெட்டு எனக்குத் திருப்தி இல்லை.

வாசகர் இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம். லண்டன் கிரீனிச்சில் நிற்கும் அசல் கப்பலில் 2007 மே மாதம் தீப்பிடித்தது. பழுதுபார்ப்பதற்காகப் பாய்மரங்களையும் ஏராளமான பலகைகளையும் முன்பே கழற்றி வேறிடத்தில் அடுக்கி வைத்திருந்ததால் அவை பிழைத்தன. திரும்பப் பூட்டி 2012-இல் திறந்தார்கள். பிரித்துத் தைத்த கப்பல்தான் அதுவும்.

நடுவில் ஒரு நாள் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பேரனோடு வீட்டுக்கு வந்தார். நாகூர்க்காரர், வயது 88. இளவயதில் நாகப்பட்டினத்துத் தோணிகளில் ஓடி, அப்புறம் இங்கே தொங்கான் என்கிற சரக்குப் படகில் தண்டலாக, அதாவது படகுத் தலைவராக, இருந்தவர். கடையில் அவருக்கு நான் தைத்ததெல்லாம் வெள்ளைச் சட்டைதான், இரண்டு பை வைத்து. லிப்டில் வந்த களைப்பு போகும் முன்னே, கப்பலுக்குப் பின்னால் போய்க் குனிந்து ஒரு கண்ணை மூடினார். “ஏரா வளஞ்சிருக்கே தம்பி.” அடிமரத்துக்கு ஏரா என்று பெயராம். நான்கு நாள் பாடுபட்டு நிமிர்த்திய பிறகும் மிச்சம் நின்ற ஒரு மில்லிமீட்டரை 88 வயதுக் கண் பிடித்துவிட்டது. “கண்ணாடி போடாமலா பாய் பார்த்தீங்க?” என்றேன். “பாக்கிறதுக்குக் கண்ணாடி எதுக்கு, படிக்கத்தான் கண்ணாடி” என்றார்.

அன்று இரண்டு தே தாரிக் ஆறும்வரை பேசினார். விலாச்சட்டம் வங்கு. முன்பக்கம் அணியம். பாய்மரத்தில் குறுக்கே தொங்கும் மரம் பருமல். பாயைத் தூக்கும் கயிறு ஆஞ்சான். பலகை இடுக்கில் பஞ்சும் எண்ணெய்ப் பசையும் அடைத்து நீர் புகாமல் செய்வது கலப்பற்று. நான் அதுவரை புத்தகத்தில் இருந்த ஆங்கிலப் பெயர்களை உருப்போட்டு மறந்துகொண்டிருந்தேன். பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குத் தாமான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்குத் தாமான் என்றால் வீடு வாங்குகிற இடம். அவர் சிரிக்கவில்லை. “அந்தத் தாமானுக்கு மாசாமாசம் கட்டணும். இது காத்தடிச்சா மட்டும் கட்டுனா போதும்.” மலாய்க்காரர்கள் கப்பலைக் ‘காப்பால்’ என்று சொல்வதே தமிழிலிருந்து போனதுதான் என்பது பலருக்குத் தெரியும். கப்பலைக் கொடுத்த நாம் ஏராவையும் பருமலையும் வீட்டில் வைத்துக்கொண்டோமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். துறைமுகத்திலோ தொங்கானிலோ வேலை செய்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இப்படிப்பட்ட சொற்களை எழுதி அனுப்பச் சொல்லித் தாங்கள் இதே பகுதியில் ஓர் ஓரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்ததில் பாதிக் காரணம் அது.

நூலில் மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெட்டியில் வந்த பருத்தி நூலை வெளிச்சத்தில் பிடித்தேன், கம்பளிப்பூச்சி மாதிரி தும்பு. 84 மடங்கு பெரிதாக்கினால் அந்தத் தும்பு ஒவ்வொன்றும் முழ நீளம் இருக்கும். அத்தனையையும் தூக்கிப் போட்டேன். பருத்தி மழைக்காலத்தில் இறுகும், ஏர்கோன் போட்டால் தளரும். இந்த ஊரில் ஒரே நாளில் இரண்டும் நடக்கும். கடையில் மிச்சம் இருந்த பாலியெஸ்டர் தையல் நூலை எடுத்து, தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்து, விரலால் நீவினேன். பட்டன் தைக்கிற நூலுக்குச் செய்வதுதான். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஒரு கயிறு தளரவில்லை.

அப்புறம் பாய். எல்லோரும் கேட்பது இதைத்தான்: தையல்காரர் கட்டிய கப்பல், பாய் பிரமாதமாக இருக்குமே! பாயே கிடையாது. மிஷினில் நான் போடக்கூடிய நுணுக்கமான தையல், தையலுக்கு 2 மி.மீ. என்று வையுங்கள். இந்தக் கப்பல் கணக்கில் அது 17 செ.மீ., முக்கால் சாண். உலகத்தில் எந்தப் பாயிலாவது முக்கால் சாண் தையல் போடுவார்களா? துணியும் அப்படித்தான். அசல் பாய் ஒரு மில்லிமீட்டர் கனம் என்று வைத்தால்கூட, 84-இல் ஒரு பங்கு கனத்தில் எந்தத் தறியிலும் துணி வராது. பெட்டியில் வந்த துணியை மாட்டிப் பார்த்தேன். கப்பலுக்குப் போர்வை போர்த்திய மாதிரி இருந்தது. கழற்றிவிட்டேன். வெறும் பருமல்களும் கயிறுமாக நிற்பதுதான் கண்ணுக்கு உண்மையாக இருக்கிறது. 41 வருஷத்தில் நான் தைக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்த துணி இது ஒன்றுதான். என் மனைவியின் கருத்து வேறு: “ஊருக்கெல்லாம் சட்டை தச்சீங்க, இதை மட்டும் அம்மணமா விட்டுட்டீங்க.”

இப்போது நடப்பது ஏணி வேலை. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் ஒரு பக்கத்துக்கு ஆறு. அவற்றின் குறுக்கே, மாலுமி ஏறுவதற்குப் படிக்கயிறு. படிக்கும் படிக்கும் இடைவெளி நாலரை மில்லிமீட்டர். ஒவ்வொரு சந்திப்பிலும் நூலைக் கயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து ஒரு சுற்று, மேலே தாண்டி இன்னொரு சுற்று, முனையை அந்தச் சுற்றுக்கு அடியிலேயே நுழைத்து இழுக்க வேண்டும். கொஞ்சம் கூட இழுத்தால் ஆறு கயிறும் இடுப்பு பிடித்த சட்டை மாதிரி உள்ளே வளைந்துவிடும். குறைத்து இழுத்தால் படி தொங்கும். பின்னால் கோடு போட்ட அட்டையை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறேன். ஒரு ஏணிக்கு 150 முடிச்சு. இப்படி ஆறு ஏணி, அதற்கு மேலே சின்ன ஏணிகள் வேறு. ஒரு நாளைக்கு 40-க்கு மேல் போட்டால் மறுநாள் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

ஆயிரத்து நூறு வெள்ளி என்பது பெரிய காசுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் இதுவரை உட்கார்ந்த மணிக்கணக்கைக் காலண்டரில் குறித்து வருகிறேன்: 1,400 தாண்டிவிட்டது. மணிக்கு ஒரு வெள்ளிகூட ஆகவில்லை. கீழே கடையில் ஒரு தே தாரிக் குடிக்க அது போதாது.

கடிதம் எழுதிய வாசகர் எந்த ஊரோ தெரியவில்லை. பினாங்குப் பக்கம் வந்தால் தங்கள் அலுவலகத்தில் என் எண்ணை வாங்கிக்கொண்டு ஒரு மாலை வீட்டுக்கு வரலாம். இடப்பக்கத்து நடு ஏணியில், கீழிருந்து பதினோராவது படி வரை ஏறியிருக்கிறேன். பன்னிரண்டாவதை அவருக்கு விட்டுவைக்கிறேன், ஆறே ஆறு முடிச்சு. நூல், மெழுகு, ஊசி எல்லாம் நான் தருகிறேன். கண்ணாடியை மட்டும் அவர் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல்காரர்,
ஜெலுத்தோங், பினாங்கு.

(ஆசிரியர் கவனத்துக்கு: பெயரைப் போட வேண்டாம். கடையை மூடும்போது திருப்பிக் கொடுக்காமல் விட்ட இரண்டு கால்சட்டைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.)